சொட்டும் சிங்க்கும் லாரிப் பட்டறையும்

மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறி இறங்கிய கேரவனில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது பானெட்டை அல்ல, சிங்க்குக்கு அடியில் இருக்கும் அலமாரியை. வீட்டுக் குழாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். வண்டிக் குழாயோ குழிக்குக் குழி குதிக்கும். நட்டு இம்மி இம்மியாகத் தளர்ந்து, ப்ளைவுட் ஊறிப் பொதபொதத்த பிறகுதான் பலருக்குச் சேதி தெரியவரும்.

முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் வண்டிகளும் உண்டு. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, யாரும் குழாயைத் திறக்காமலே 12 வோல்ட் பம்ப் இரண்டு நொடி உறுமி அடங்கினால், பெரும்பாலும் தண்ணீர் வரும் பக்கத்தில் எங்கோ அழுத்தம் கசிகிறது. பாத்திரம் கழுவும்போது மட்டும் ஈரம் என்றால் கோளாறு போகும் பக்கத்தில். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பவரை இந்தக் கலையின் ரசிகர்கள் லேசில் மன்னிப்பதில்லை.

சொட்டு விழும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் குழாயின் அடிவயிற்றிலேயே ஓடி, தாழ்ந்த இடம் பார்த்துத்தான் விழும். மூட்டுகளை நன்றாகத் துடைத்து, மேலே கொஞ்சம் திருநீறு தூவி, சிங்க்கில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால், எந்த மூட்டில் முதலில் சாம்பல் கறுக்கிறதோ அதுதான் குற்றவாளி. சாக்பீஸ் தூளும் போதும். ஆனாலும் நெல்லையில் திருநீற்றுக்கா பஞ்சம்?

அந்த மூட்டுக்குள் இருப்பது ஒரு வாஷர். இந்த வேலையின் அழகு முழுவதும் அந்த எட்டணா ரப்பரில்தான் அடங்கியிருக்கிறது. சரிவான முகம் மூட்டைப் பார்க்க வேண்டும், தட்டை முகம் நட்டைப் பார்க்க வேண்டும். கையால் முறுக்கி, அதன்மேல் கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு கீறல் விடும். தலைகீழாக மாட்டிய வாஷரை எவ்வளவு முறுக்கினாலும் நீர் நிற்காது.

டெஃப்லான் கட்சியினர் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த அந்தப் பொருள் கூம்பு மரைக்கு அருமையானதுதான். ஆனால் சிங்க்குக்கு அடியில் இருக்கும் இந்த நட்டில் மரை அழுத்தத்தான் செய்கிறது, நீரைத் தடுப்பது வாஷர். அதன்மேல் பத்துச் சுற்று டேப் சுற்றுவது, ஓலை ஒழுகும் வீட்டில் வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போல. எம்-சீல் இன்னும் மோசம். கல்லாய் இறுகும், அடுத்த குழியில் விரிசல் விடும். குலுங்குகிற வண்டிக்கு இளகிக் கொடுக்கும் பொருள்தான் தோது.

பழைய ஆட்களுக்குத் தோல் வாஷர்மேல் ஒரு தனிப் பிரியம். இந்தியா மார்க் 2 அடிபம்புக்குள் இருந்த தோல் கிண்ணம், தண்ணீரில் ஊறி உப்பி, தானே இறுகிக்கொள்ளும். சைக்கிள் டியூபைக் கத்தரித்து வாஷர் செய்த காலமும் ஒன்று இருந்தது. அதில் ஒரு குறையும் உண்டு: நல்லெண்ணெய் படப்பட அந்த ரப்பர் ஊதிக் குழையும். சமையல் சிங்க்குக்கு நைட்ரைல்தான் சரி. இன்று கடையில் ஒற்றை வாஷர் கேட்டால், "செட்டாத்தான் வரும் அண்ணாச்சி" என்று முழுக் கப்ளிங்கையே எடுத்து நீட்டுகிறார்கள்.

வண்டி குலுங்குவதால்தான் இந்த வேலைக்குப் பிளம்பரைவிட லாரி மெக்கானிக்கே தேவலை என்று சொல்லத் தோன்றுகிறது. ரேடியேட்டர் ஹோஸைக் கட்டிப் பழகிய கை, விறைப்பான பிவிசிக்குப் பதில் நெளியும் ஹோஸைக் கொஞ்சம் தொய்வு விட்டுப் போட்டு, கிளிப்பை முறுக்கும். அந்தத் திருகு கிளிப்பும் 1921இல் லம்லி ராபின்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைக்காரர் கண்டுபிடித்ததுதான். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கிய, பிளம்பர்கள் நம்பும் வளைகுழாய் உத்தி, வளைவில் நீரைத் தேக்கி வீட்டில் நாற்றத்தைத் தடுக்கும். மலைப்பாதையில் அதிலுள்ள நீர் அலம்பிப் போய்விடும். நாற்றம் வந்தால் ஒழுகலென்று நினைத்து மறுபடி நட்டைத் திருகுகிறார்கள் சிலர்.

வேலை முடிந்ததா என்பதைப் பட்டறையில் வைத்துச் சொல்ல முடியாது. சிங்க்குக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, பாபநாசம் தாண்டி அகஸ்தியர் அருவி ஏற்றம்வரை ஒரு நடை போய்வர வேண்டும். இறங்கி வந்து தாளை எடுத்தால் சரசரக்க வேண்டும்.