ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: விரிவாக்கத்துக்கு விலை, பராமரிப்புக்கு மதிப்பு

ஒரு வியூக விளையாட்டுக்குப் புதிய விரிவாக்கம் வந்தால் விமர்சகர்கள் முதலில் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை நாகரிகங்கள், எத்தனை போர்த்தொடர்கள், கொடுக்கும் பணத்துக்கு எத்தனை மணி நேர ஆட்டம்? கதை சொல்லும் விளையாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்ற ஆட்டத்துக்குப் பொருந்தாது. இதை ஆடுபவர் ஒரே அரேபியா வரைபடத்தைப் பல நூறு முறை ஆடுவார். அவருக்கு வேண்டியது, விதிகள் நேற்றுப்போல் இன்றும் ஒழுங்காக இயங்கும் என்ற நம்பிக்கை. வில்லாளி சொன்ன இடத்துக்குப் போக வேண்டும், எட்டுப் பேர் ஆடும் ஆட்டம் பாதியில் அறுந்துபோகக் கூடாது, ஒரே ஒரு நாகரிகம் எல்லாரையும் நசுக்கக் கூடாது. ஆகவே இதன் புதுப்பித்த மறுபதிப்பான டெஃபனிட்டிவ் எடிஷனின் விரிவாக்கங்களை எடைபோடும்போது, கூடவே எல்லாருக்கும் இலவசமாக வரும் பேட்ச் எப்படி இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். நாகரிகங்களின் பட்டியல் அதற்கு அடுத்தது.

இந்த ஆட்டத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1999இல் வெளிவந்தபோது இது 256 வண்ணங்களில் ஓடிய விளையாட்டு. விண்டோஸ் 7 காலத்தில் அதே வட்டைப் போட்டால் புல்லும் தண்ணீரும் சிவப்பும் ஊதாவுமாகக் கலங்கித் தெரிந்தன. வண்ணத் தட்டை விண்டோஸின் எக்ஸ்ப்ளோரர் இடையில் புகுந்து மாற்றியதுதான் காரணம். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது என்ற வைத்தியத்தை ஆட்டக்காரர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009இல் மூடப்பட்டுவிட்டது. அகலத் திரைக்கு ஏற்றபடி ஆட்டத்தை மாற்றியதும் பழைய பக்குகளை அடைத்ததும் யூசர்பேட்ச் என்ற பெயரில் ரசிகர்கள் செய்த வேலை. ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற ரசிகர் மோட், எச்.டி. என்ற மறுவெளியீட்டுப் பதிப்புக்கான அதிகாரப்பூர்வ விரிவாக்கமாக 2013இல் உயர்ந்தது. அதைச் செய்தவர்களின் நிறுவனமே பிறகு 2019 நவம்பரில் வந்த டெஃபனிட்டிவ் எடிஷனை முன்நின்று உருவாக்கியது. பழுது பார்ப்பதும் புதிது சேர்ப்பதும் இங்கே ஆரம்பத்திலிருந்தே ஒரே கைகளின் வேலை.

தொழில்நுட்பக் காரணம் இன்னும் அழுத்தமானது. இந்த ஆட்டம் இணையத்தில் ஓடும்போது ஒவ்வொரு வீரரும் எங்கே நிற்கிறார் என்ற தகவலைக் கணினிகள் அனுப்பிக்கொள்வதில்லை. ‘இந்த நால்வர் அங்கே போங்கள்’ என்ற கட்டளை மட்டுமே போகிறது. எட்டுக் கணினிகளும் முழுப் போரையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, கணத்துக்குக் கணம் ஒரே விடைக்கு வர வேண்டும். 28.8 கிலோபிட் மோடத்தில் 1500 வில்லாளிகளை நடமாட விட்டது இந்த உத்திதான். என்செம்பிளின் பொறியாளர்கள் அதைப் பற்றி 2001இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அந்த இரண்டு எண்களும் உண்டு. அபாரமான சிக்கனம். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு கணினியில் ஒரே ஒரு கணக்கு பிசகினாலும் ஆட்டங்கள் வெவ்வேறாகப் பிரிந்துவிடும். எச்.டி. பதிப்பை ஆடியவர்கள் வெறுத்த ‘அவுட் ஆஃப் சிங்க்’ என்ற அறிவிப்பு அதுதான். ஒருவரின் கணினி திணறினால் எல்லாருடைய ஆட்டமும் திணறும். டெஃபனிட்டிவ் எடிஷன் வெளியானபோது, ரேங்க் (தரவரிசை) ஆட்டத்துக்குள் நுழைய பெஞ்ச்மார்க் சோதனையில் 1000 புள்ளி எடுக்க வேண்டும் என்று வைத்ததன் நியாயம் இது. பதிவு செய்த பழைய ஆட்டங்கள் பேட்ச் வந்தபின் ஓடாமல் போவதும் இதனால்தான்: பதிவுக் கோப்பில் இருப்பவை கட்டளைகள் மட்டுமே, விதி மாறினால் அதே கட்டளைகள் வேறு போரில் போய் முடியும்.

இதிலிருந்து வாங்குபவருக்கு முக்கியமான ஒரு விஷயம் கிடைக்கிறது. புதிய நாகரிகத்தை வாங்காதவரின் கணினியும் அந்த நாகரிகத்தின் படைகளைக் கணக்கிட்டாக வேண்டும். எனவே விரிவாக்கத்தின் விதிகள் எல்லாருடைய ஆட்டத்திலும் இறங்குகின்றன. வாங்காதவர் அந்த நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, அவ்வளவுதான். எதிர்த்து ஆடலாம், தோற்கலாம். ஆகவே வியூக விளையாட்டில் விரிவாக்கம் என்பது தனியாக ஒட்டிவைக்கும் சாமான் அல்ல. பொதுக்கிணற்றில் ஒருவர் ஊற்றுவதை ஊரே குடிக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா. அதுவரை ‘இந்தியர்’ என்று ஒரே நாகரிகம் இருந்தது. துணைக்கண்டம் முழுவதும் அதற்குள் அடைபட்டிருந்தது. இந்த விரிவாக்கம் அதை இந்துஸ்தானிகள், வங்காளிகள், திராவிடர், கூர்ஜரர் என்று நான்காகப் பிரித்தது. திராவிடப் படைவீரர்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். உருமி வீசும் வீரர்களும் திரிசடை என்ற பெருங்கப்பலும் அவர்களுக்கே உரியவை. ராஜேந்திர சோழனுக்குத் தனிப் போர்த்தொடர் உண்டு. இதெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் அதைவிட நான் மதிப்பது வடிவமைப்பில் எடுத்த துணிச்சலை. நான்கு நாகரிகங்களுக்கும் நைட் என்ற கனரகக் குதிரைவீரர் வரிசையே கிடையாது. திராவிடருக்குப் படைச்சாலை ஆய்வுகள் பாதி விலை, ஒவ்வொரு யுகம் கடக்கும்போதும் 200 மரம் இலவசம், எதிரியின் கவசத்தையே பொருட்படுத்தாத ஊட்ஸ் எஃகு. கடலும் கரையும் உள்ள வரைபடத்தில் இந்தப் படை மிரட்டும். திறந்த நிலத்தில் வேகமான குதிரைப்படைக்கு எதிரே மூச்சு வாங்கும். இப்படி ஒரு பக்கம் சாய்ந்த நாகரிகத்தைப் பெட்டியில் போட்டு விற்றுவிட்டு நகர முடியாது. வந்த நாளில் இந்துஸ்தானிகளும் கூர்ஜரரும் மிகையான பலத்தோடு இருந்தார்கள். அடுத்தடுத்த பேட்ச்களில்தான் படிப்படியாக அடங்கினார்கள். அந்தத் திருத்தங்களும் சேர்ந்ததுதான் இந்த விரிவாக்கத்தின் தரம். வெளியான வாரத்திலேயே மதிப்பெண் போட்ட விமர்சனங்களால் அதில் பாதியைத்தான் பார்த்திருக்க முடியும்.

இதற்கு எதிரான வாதம் ஒன்று உண்டு, பலமான வாதம். ‘இருக்கிற பக்கைத் தீர்க்காமல் புதிதாக விற்கிறார்களே’ என்பது. பாதை கண்டறிதலில் குறை இன்றும் பேசப்படுகிறது: ஓடும் எதிரியைத் துரத்தும் வாள்வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்கிறார்கள், கூட்டமாக அனுப்பிய படை இடுக்கில் சிக்குகிறது, ஒரு பேட்ச் சரிசெய்ததை இன்னொன்று கெடுக்கிறது. இது உண்மை, இதைப் பூசி மெழுகத் தேவையில்லை. ஆனால் விற்பனையை நிறுத்தினால் பழுது வேகமாகத் தீரும் என்ற முடிவுக்கு வரலாறு இடம் தரவில்லை. கான்கரர்ஸ் 2000இல் வந்தபின் 2013 வரை புதிய விரிவாக்கம் எதுவும் விற்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில்தான் ஆட்டக்காரர்கள் எக்ஸ்ப்ளோரரைக் கொன்று வண்ணம் மீட்டுக்கொண்டிருந்தார்கள். வருமானம் நின்ற இடத்தில் பராமரிப்பும் நின்றது.

பணம் வந்தால் மட்டும் போதும் என்று இதற்குப் பொருள் அல்ல. யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4இன் லெவையதன் விரிவாக்கம் 2021 ஏப்ரலில் பக்குகளோடு வந்து ஸ்டீமில் மிக மோசமான மதிப்பீடுகளைப் பெற்றது. அந்த விளையாட்டுக்கு ஆண்டுக்கணக்கில் விரிவாக்கங்கள் விற்றுக்கொண்டே இருந்தன. 2020 ஜனவரியில் வந்த வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு இன்னும் கொடியது. புதியதை வாங்காத பழைய உரிமையாளர்களின் ஆட்டமும் கட்டாய அப்டேட்டில் மாறி, அவர்களிடம் இருந்த தரவரிசை ஆட்டம் போன்ற வசதிகள் பறிபோயின. இந்த இரண்டிலும் காசு வாங்கியதைக் குற்றம் சொல்ல மாட்டேன். பொதுவில் இருக்கும் விதியையும் வசதியையும் காப்பது தங்கள் கடமை என்று கருதாததுதான் குற்றம். டெஃபனிட்டிவ் எடிஷன் இந்த அளவுகோலில் பெரும்பாலும் தேறுகிறது. 35 நாகரிகங்களோடு வந்த அடிப்படைப் பதிப்பை வாங்கி அதோடு நிறுத்திக்கொண்டவருக்கும் சமநிலைத் திருத்தங்கள் வருகின்றன. 2023இலிருந்து எக்ஸ்பாக்ஸில் ஆடுபவர்களோடும் மோதலாம். பெரிய மாற்றங்களை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முன்னோட்டப் பதிப்பு வெளியிடும் வழக்கமும் இருக்கிறது.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் 2025 மே மாதம் வந்த த்ரீ கிங்டம்ஸ். ஜூர்ச்சென், கித்தான் மக்களுக்கு இடைக்காலக் களத்தில் இடம் கொடுத்தது நியாயம். பலர் நெடுநாள் கேட்டது. ஆனால் கூடவே வந்த ஷு, வெய், வு மூன்றும் 3ஆம் நூற்றாண்டுச் சீன அரசுகள். அவற்றைச் சக்திவாய்ந்த நாயகர்களோடு ரேங்க் ஆட்டத்தில் இறக்கினார்கள். காலம் பொருந்தவில்லை என்ற மனக்குறையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: ஒரு தனி மனிதர் போரைத் திருப்பும் விதி, வாங்காதவரின் ஆட்டத்திலும் நுழைந்துவிட்டது. விரும்பாதவர் ஒதுங்கலாமே என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: ரேங்க் ஆட்டத்தில் எதிரியின் நாகரிகத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வேறு வழியும் இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 நவம்பரில் வந்த பேட்டில் ஃபார் கிரீஸை ஏதென்ஸ், ஸ்பார்ட்டாவின் கதைக்கென்று ரேங்கிலிருந்து பிரித்துத்தான் வெளியிட்டார்கள். அதையே இங்கும் செய்திருக்கலாம்.

இனி வாங்கும் யோசனை. தனியாகக் கணினியோடு ஆடுபவர் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவிலிருந்து தொடங்கலாம். அதன் விதிகள் இப்போது நன்றாகப் படிந்துவிட்டன. ரேங்க் ஆடுபவர் எந்த விரிவாக்கத்தையும் வெளியான அன்றே வாங்க அவசியமில்லை. முதல் திருத்தப் பேட்ச் வரும்வரை எதிர்த்து ஆடியே அந்த நாகரிகத்தைப் படிக்கலாம்; அதற்குக் கட்டணம் கிடையாது. பேட்ச் இறங்கியபின் ஆட்டம் தொடங்காமல் நின்றாலோ பொத்தான்கள் இடம் மாறித் தெரிந்தாலோ, முதலில் மோட்கள் எல்லாவற்றையும் அணைத்துப் பாருங்கள். திரையமைப்பை மாற்றும் மோட்கள்தான் பெரும்பாலும் முதலில் முறியும். அதிலும் தீராவிட்டால் ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள், தனியாகத் தரவிறக்கும் உயர்தெளிவு வரைகலைத் தொகுப்பை நீக்கிவிடலாம். உடன் ஆடும் ஏழு பேருக்கும் அது உதவி.