மின்னூட்டம் பிறக்கிறதா?

கண்ணாடித் தண்டைப் பட்டுத்துணியால் தேய்த்தால் மின்னூட்டம் உண்டாகிறது என்று எழுதும் தொடக்க நூல்கள் உண்டு. எளிய வாக்கியந்தான், ஆனால் தவறான எண்ணத்தை விதைக்கிறது. தேய்ப்பதால் எதுவும் புதிதாகப் பிறப்பதில்லை. தண்டிலிருந்து எலெக்ட்ரான்கள் துணிக்கு இடம் மாறுகின்றன, அவ்வளவே. தண்டு பெறும் நேர் மின்னூட்டமும் துணி பெறும் எதிர் மின்னூட்டமும் சம அளவின. தண்டில் ஒரு மைக்ரோகூலும் சேர, ஏறத்தாழ 6.24 லட்சம் கோடி எலெக்ட்ரான்கள் நீங்க வேண்டும்.

எலெக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897-இல். ஆயினும், 1747-லேயே பெஞ்சமின் பிராங்க்ளின் இந்நிகழ்ச்சியை இடமாற்றம் என்றே விளக்கினார். உண்டாகிறது என்று மனப்பாடம் செய்த மாணவன், பின்னர் மின்னூட்ட அழிவின்மை விதியைப் படிக்கையில் எதை நம்புவான்? நூலாசிரியர்கள் துணியையும் கணக்கில் சேர்த்து எழுதட்டும். அதுவரை நீங்களே, உண்டாகிறது என்னுமிடத்தில் இடம் மாறுகிறது என்று திருத்திப் படியுங்கள்.