மடிநோயும் தடுப்பூசியும்: ஒரு மதிப்பீடு

தடுப்பூசி என்றதும், அதனைப் போட்டால் நோய் வாராது என எண்ணுவது மக்கள் இயல்பு. மாட்டு வெக்கை நோயில் அவ்வெண்ணம் பொய்க்கவில்லை. 2011இல் அந்நோய் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பசுவின் மடிநோய்க்கும் அவ்வாறே எதிர்பார்க்கலாமா என்பது ஆராயத்தக்கது.

ஜொகூர் மாநிலத்திற்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. குளுவாங் கால்நடைக் கழகத்தில்தான் பிரீசியன், சாகிவால் இனங்களைக் கலந்து மாப்ரிவால் என்னும் கறவை இனம் உருவாக்கப்பட்டது. தோட்டப்புறத் தமிழர் பலர் மாடு வளர்த்துக் குடும்பம் நடத்தியவர்கள். நான்கு காம்புகளில் ஒன்று கெட்டாலும் அத்தகையோர் வருவாயில் துண்டு விழும்.

மடிநோய் ஒரே கிருமியால் வருவதன்று. ஸ்டெபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ-கோலி எனப் பல கிருமிகள் காம்புத் துளை வழியே புகுகின்றன. இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள் மடிக்குள் குறைவாகவே சேர்கிறது. சேர்வதையும் பால் நீர்க்கச் செய்கிறது. கிருமிகளை விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் பாற்கொழுப்பை விழுங்கி வலுவிழக்கின்றன. ஸ்டெபிலோகாக்கஸோ உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

இத்தடைகளுக்கிடையே எழுந்ததே, ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அனுமதித்த ஸ்டார்ட்வாக் தடுப்பூசி. ஈ-கோலியின் ஜே5 என்னும் வகையும் ஸ்டெபிலோகாக்கஸும் கொல்லப்பட்ட நிலையில் அதில் உள்ளன. ஜே5 வகைக்கு வெளிச்சங்கிலி இல்லை. ஆதலால், அதன் இனத்துப் பல கிருமிகளுக்கும் பொதுவான உட்பகுதி வெளிப்பட்டு நிற்கிறது. இது நுண்ணறிவு மிக்க தேர்வே.

பயன் யாது? அனுமதியின் வாசகமே நோயைக் குறைப்பது பற்றிப் பேசுகிறதேயன்றி, அறவே தடுப்பதாகக் கூறவில்லை. 2015இல் வெளியான பிரிட்டிஷ் பண்ணை ஆய்வொன்றில் நோய்கண்ட பசுக்களின் தொகை குறையவில்லை. நோயின் கடுமை தணிந்தது, பால் கூடியது. இது சிறு பயனன்று. ஆயினும் பெயர் தரும் நம்பிக்கைக்கு இது ஈடாகாது.

வேறொரு குறையும் உண்டு. ஒவ்வோர் ஈற்றுக்கும் மூன்று ஊசி, அதுவும் மந்தை முழுமைக்கும் என்பது பெரும்பண்ணையை எண்ணி வகுத்த முறை. இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்கு அச்செலவு கட்டுமா? குளிர்நாட்டில் கண்ட பயனை ஈரமும் வெப்பமும் மிக்க தொழுவத்திற்கு அப்படியே ஏற்றிச் சொல்வதும் பொருந்தாது.

ஆகவே, கறப்பவர் கைத்தூய்மை, கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் தோய்த்தல், 1957 முதல் அறியப்பட்ட கலிபோர்னியாச் சோதனையால் மறைநோயைக் கண்டறிதல் ஆகியவையே முதற்காவல். ஊசி அவற்றுக்குத் துணையாகலாம், மாற்றாகாது. அதனை நோய்தணிப்பூசி என அழைத்தால், வாங்குவோர் ஏமாறமாட்டார்.