தரை தட்டாத கப்பல்

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு சொல்லப்போவதெல்லாம் குறைதான்.

'ஸ்கல் அண்ட் போன்ஸ்' விளையாட்டில் வரும் கடலைப் போல ஒரு கடலை நான் ரி.வி.யில் கண்டதில்லை. விடியப்புறம் வெயில் சரிந்து விழும்போது அலையின் முதுகு செம்பு நிறத்திலும் வயிறு கரும்பச்சையிலும் இருக்கும். அணியம் கிழிக்கிற இடத்தில் நுரை வெடித்து, கப்பலின் இரு பக்கமும் வழுகி, கடையாரில் சுருண்டு, பின்னால் ஒரு கோடாக நின்று மெல்லக் கரையும். மப்பு கட்டினால் அதே தண்ணீர் ஈய நிறமாகிவிடும். புயலில் எங்கிருந்தோ ஒரு மலை எழும்பி வரும்; கப்பல் அதில் ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, மறுபக்கம் விழும்போது கதிரையில் இருக்கும் எனக்கு வயிற்றைப் பிரட்டியது.

நாற்பது வருசம் கடலோடு மல்லுக்கட்டியவர் என் பெரியப்பா. இந்த விளையாட்டுகளெல்லாம் அவருக்குச் சின்னப்பிள்ளை வேலை, திரும்பியும் பார்க்கமாட்டார். அன்று தேத்தண்ணிக் கோப்பையோடு அறையைக் கடந்து போனவர், கோப்பை ஆறும்மட்டும் வாசலில் நின்றார்.

"உது எந்தக் கடல்?"

"இந்து சமுத்திரம், பெரியப்பா."

"அப்ப எங்கட கடல்," என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

அந்தக் கதிரை ஆறு கிழமை அதே இடத்தில் கிடந்தது. பெரியப்பா தொடர்ந்து மூன்று நாள்தான் அதில் இருந்தார்.

என் கதையைச் சொன்னால்தான் ஏமாற்றத்தின் கனம் விளங்கும். 2013இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்' விளையாட்டை, யாழ்ப்பாணத்தில் படிக்கும் காலத்தில், நண்பனின் அறையில் இருந்த பழைய கணினியில் விளையாடி முடித்தவன் நான். அதில் கப்பல் தளத்தில் நடக்கலாம். பாய்மரத்தில் ஏறலாம். சுக்கானை விட்டுவிட்டு அப்படியே கடலில் குதிக்கலாம். அந்தக் கப்பல் சண்டைகளைச் செய்தது யூபிசாப்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கூடம். அதற்கு ஒரு பின்னிணைப்பாகத் தொடங்கியதுதான் ஸ்கல் அண்ட் போன்ஸ். பிறகு அது தனி விளையாட்டாகி, 2017இல் அறிவிக்கப்பட்டு, நாள் தள்ளி, வருசம் தள்ளி, கடைசியில் 2024 பெப்ரவரி 16 அன்று வந்து சேர்ந்தது. பெருஞ்செலவில் செய்கிற விளையாட்டுகளை 'மூன்று ஏ' என்பது அந்தத் துறையின் வழக்கம். வெளிவரச் சில நாள் இருக்கும்போது நிறுவனத்தின் தலைவர் ஈவ் கில்மோ இதை 'நாலு ஏ' என்றார். நானும் நம்பினேன். கனடாவில் இருக்கும் அண்ணா பிளேஸ்டேஷன் 5 கொண்டுவந்தபோது கூட வரவேண்டும் என்று கேட்ட ஒரே டிஸ்க் இதுதான்.

எத்தனை ஃபிரேம், எத்தனை ஜி.பி. என்பதெல்லாம் எங்கும் எழுதிக் கிடக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: தனியாகவே விளையாடினாலும் இணையம் அறுந்தால் விளையாட்டும் அறும். சோழகக் காற்றில் சிக்னல் வந்து வந்து போகும் ஊரில் இருப்பவர்கள் வாங்குமுன் ஒருமுறை கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ரவுட்டரைப் பனைமரப் பக்கத்து யன்னலில் கட்டித் தொங்கவிட்டுத்தான் விளையாடினேன்.

கதை நடப்பது பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆபிரிக்கக் கரை, மடகஸ்கார்ப் பக்கத்துச் 'செந்தீவு', கிழக்கிந்தியத் தீவுகள் என்று வரைபடம் விரிகிறது. ஒல்லாந்தர் கம்பனியின் கப்பல்கள், வேறொரு பெயரில், தங்கள் கொடியோடு திரிகின்றன. எங்கள் ஊர்காவற்துறையில் இருந்து பார்த்தால் இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. 1658இல் அதே ஒல்லாந்தர் இங்கே வந்து, போர்த்துக்கேயரிடம் இருந்து எங்கள் கடற்கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு தங்கள் ஊர்ப் பெயர்களை எடுத்து எங்கள் தீவுகளுக்கு வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. நாங்கள் இருக்கும் தீவு லைடன், காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். டெல்ஃப்ட் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பெரியப்பா முதல் நாளே கேட்டார், "நாங்கள் எங்க நிக்கிறம்?" வரைபடத்தை வடக்கே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. அவர் எழும்பிப் போய், ரி.வி.யின் மேல் விளிம்புக்கு வெளியே, சுவரில் விரலை வைத்தார். "இஞ்சையெங்கயோ தான்." தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் சிங்கப்பூரில் இருந்து இந்து சமுத்திரத்தை வரைந்தவர்களுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை போலும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கிற இடத்தையாவது ஒழுங்காகச் செய்திருந்தால்.

வேலை இப்படி. துறைக்குப் போ. பலகையில் ஒப்பந்தம் எடு. கடலில் போய் மூன்று கப்பலைச் சுடு. அவற்றில் சிவப்பாக மினுங்கும் இடத்தில் சுட்டால் கெதியாக உடையும். துறைக்குத் திரும்பு. இல்லாவிட்டால் ஒரு கோட்டைக்குப் போ. ஒரு வட்டத்துக்குள் நின்று சுட்டுக்கொண்டிரு. மேலே ஒரு பட்டை நிரம்பும். நிரம்பும்வரை கப்பல்கள் வரும். நிரம்பியதும் கொள்ளை உன்னுடையது. கோட்டைக்குள் கால் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. பத்தாவது கோட்டையும் முதலாவது கோட்டை போலத்தான் விழும். எங்கள் கடற்கோட்டை இரண்டு கிழமை முற்றுகையில் இருந்தது. கடலுக்கு நடுவில் இருந்தவர்களுக்குக் குடிதண்ணீர் வழி அடைபட்டதில்தான் விழுந்தது. காரைநகருக்குப் போகும் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறி அதைக் கடந்து போகும்போதெல்லாம் நான் அந்தத் தண்ணீரைத்தான் நினைப்பேன். இங்கே தாகம் என்ற ஒன்றே இல்லை.

இல்லை, இருக்கிறது. மாலுமிகளின் 'தெம்பு' என்று ஒரு பட்டை. இதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. எல்லாப் பாயையும் விரித்து ஓடினால் மாலுமிகள் களைத்துப்போவார்கள்; கப்பல் வேகம் குறைந்துவிடும். உடனே அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும். பொரித்த மீனைக் கொடுத்தால் கப்பல் திரும்ப ஓடும். மீனில் ஓடுகிற பாய்க்கப்பலை உலகத்தில் யார் கண்டது? பாயைக் கட்டிவிட்டால் இழுப்பது காற்றுத்தானே. களைக்கிறது தண்டு வலிக்கிறவன் அல்லவா? காற்றுக்கும் வேகத்துக்கும் தொடர்பு வைத்திருக்கிறார்கள்தான். ஆனால் அந்தக் காற்றுக்குப் பெயரும் இல்லை, பருவமும் இல்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு காற்றுக்கும் நாலு குணம். சோழகத்தில் நெடுந்தீவுப் பயணத்தை யோசித்துத்தான் வைப்போம். வாடையில் மழையோடு ஒரு வலை, வலையில் வேறு மீன். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கடலில் ஓடியவன் காற்று மாறும்வரை மாதக்கணக்காகத் துறையில் கிடந்தான். விளையாட்டில் காற்று முகத்துக்கு வந்தால் இன்னொரு மீன் கொடுக்கவேண்டியதுதான்.

இரண்டாம் நாள் பெரியப்பாவின் கேள்வி: "உதிலை வத்துப் பெருக்கு இல்லையோ?"

"இல்லை."

"ஆழம்?"

கப்பலைக் கரைக்கு விட்டுக் காட்டினேன். முட்டியது, ஒரு குலுக்கல், விலகியது. தரை தட்டவில்லை. எங்கள் பரவைக் கடலில் பாதி இடம் இடுப்பளவு, முழங்காலளவு. சாதாளை எங்கே, கல் எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியாதவன் வள்ளத்தை எடுக்கவே கூடாது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லும் மனுசனுக்கு முன்னால் இவ்வளவு அழகான நிறங்களை விரித்து வைத்து, அவற்றுக்கு ஒரு அர்த்தமும் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். பச்சையும் நீலமும் வெறும் பூச்சு. "அப்ப உது கடல் இல்லை, குளம்," என்றார். அடுத்த நாளும் வந்து இருந்தார். அதன் பிறகு கன நாள் வரவில்லை.

எதிரிக் கப்பலில் ஏறும் கட்டம் வேறு. பிளாக் ஃபிளாக்கில் கயிற்றைப் பிடித்துத் தாவி, தளத்தில் நின்று சண்டை பிடிப்போம். இங்கே கொளுக்கியை எறிந்தால் இரண்டு கப்பலும் சேரும், எங்கள் ஆட்கள் கத்திக்கொண்டு பாய்வார்கள், திரை மாறும், கிடைத்த சாமான்களின் பட்டியல் வரும். நூறு தரம் ஏறினாலும் அதே கத்தல். நடுக்கடலில் மறித்து ஏறுவது என்றால் எங்கள் தீவுகளில் என்ன அர்த்தம் என்பதை 1985 மே 15க்குப் பிறகு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அன்று நெடுந்தீவில் இருந்து வந்த குமுதினிப் படகை மறித்து, ஏறி, பயணிகளை வெட்டினார்கள். கடற்கொள்ளை விளையாட்டு விளையாடக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை, ஆசைப்பட்டு விளையாடியவன்தான். ஆனால் அந்தத் திரை மாறுகிற ஒவ்வொரு தரமும் எனக்கு ஏதோ கூசியது. ஏறியவனுக்கும் ஏறப்பட்டவனுக்கும் முகமே இல்லை.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது எனக்குப் பிரச்சினை இல்லை. தீவான் ஒருவன் அதைப் பற்றி முறைப்பட ஏலாது. பண்ணைத் தாம்போதியால் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, அதே படகுக்கு அதே வரிசையில் நின்று, அதே நயினாதீவுக்குப் போகிறோம். பிறந்த நாளில் இருந்து அதே பாதைதான். ஆனால் ஒருநாள் ஆனித் திருவிழாச் சனம், ஒருநாள் நாகவிகாரைக்கு வந்த தெற்கத்தைய ஆக்கள், ஒருநாள் படகில் ஒரு ஆடு, ஒருநாள் காற்று. ஓட்டிக்கும் ஒருநாள் போல ஒருநாள் இல்லை. இந்த விளையாட்டில் இருபது மணித்தியாலத்துக்குப் பிறகு எனக்கு வந்த நாளெல்லாம் இருபதாம் மணித்தியாலத்து நாள்.

அதே நயினாதீவின் அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்தார். ஊராத்துறையில், அதாவது எங்கள் ஊர்காவற்துறையில், உடைகிற கப்பல்களுக்கான சட்டம் அது. பரதேசிகள் இந்தத் துறைக்கு வரவேண்டும், அவர்களைக் காக்கவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் பாதிப் பாதி. ஏன் யானை குதிரைக்கு மட்டும் அரசனின் பங்கு குறைகிறது? அவை அவனுக்குத் தேவை. கொண்டுவருகிறவன் பயந்து நின்றுவிடக் கூடாது. இரண்டு வரிச் சட்டத்துக்குள் ஒரு துறை, ஒரு வியாபாரி, ஒரு பேராசை, ஒரு கணக்கு எல்லாம் இருக்கின்றன. விளையாட்டில் நான் மூழ்கடித்த கப்பல்களின் சரக்கு மரமும் இரும்பும் சணலும்தான். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் நீங்கள் ஒரு கடத்தல் ராச்சியத்துக்குச் சொந்தக்காரர். கரையெங்கும் உங்களுக்குப் பட்டறைகள். பெரிய ஆளாகிவிட்டோம் என்று நிமிர்ந்தால், நான் விளையாடியபோது அந்தப் பட்டறைகளின் காசை எடுக்க ஒவ்வொன்றாக நானே கப்பலில் போகவேண்டியிருந்தது. போய், பொத்தானை அழுத்தி, அடுத்ததற்கு ஓடுவதற்குள் முதலாவது நிரம்பிவிடும். சீட்டுக் காசு சேர்க்கச் சைக்கிளில் திரிந்த எங்கள் மாமி இதைவிடச் சுவாரசியமாக வேலை பார்த்தவ; வீட்டுக்கு வீடு ஒரு கதையோடு வருவா. நாலாம் கிழமை இந்த வசூலில்தான் எனக்கு விளையாட்டு செத்தது. மிச்ச இரண்டு கிழமை இந்த விமர்சனத்துக்காக விளையாடினேன்.

வாங்கலாமா என்றால், முழு விலைக்கு வேண்டாம். பாதிக்கும் கீழே கிடைத்தால் வாங்கி, பதினைந்து மணித்தியாலம் விளையாடி, கை மாற்றிவிடுங்கள். சீசனுக்குச் சீசன் புதுச் சாமான் சேர்க்கிறார்கள்; சேர்க்கட்டும். யூபிசாப்ட் அடுத்த கப்பல் விளையாட்டை அறிவித்தால் நான் திரும்பவும் அண்ணாவுக்குப் போன் எடுப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். புத்தி வராது.

டிஸ்க்கை வேலணையில் ஒரு பொடியன் கேட்டிருக்கிறான், வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும். நேற்றுப் பின்னேரம் கடைசியாகப் போட்டேன். ஒப்பந்தம் ஒன்றும் எடுக்கவில்லை. துறையை விட்டு வெளியே வந்து, பாயைச் சுருக்கி, கப்பலைச் சும்மா நிற்க விட்டேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாலுமிகள் பாட்டு ஒன்றை முடித்துவிட்டு அமைதியானார்கள். தண்ணீர் மட்டும் மரத்தில் அடிக்கும் சத்தம்.

பெரியப்பா தேத்தண்ணியோடு வந்தார்.

"இண்டைக்கு ஒருத்தரையும் சுடேல்லையோ?"

"இல்லை."

இருந்தார். கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. கப்பல் மெல்ல அரக்கி அரக்கி, கரைப் பக்கமாகத் திரும்பியது.

"இழுக்குதடா. நங்கூரத்தைப் போடன்."

"அதுக்கொரு பொத்தான் இல்லை, பெரியப்பா."