‘ஹெட்’டுக்கு எத்தனை தலை?



நம்ம கெப்பாலா பத்தாஸ் பேரிலேயே ஒரு தலை இருக்கு. மலாயில் ‘கெப்பாலா’, ஆங்கிலத்தில் ‘ஹெட்’, தமிழில் தலை. மூன்றும் ஒன்றுதானே? சொற்பட்டியல் அப்படித்தான் சொல்லும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

பாருங்க. ஆணியின் ‘ஹெட்’ தமிழில் கொண்டை. காரின் ‘ஹெட்லைட்’ முகப்பு விளக்கு. ‘ஹெட்மாஸ்டர்’ நமக்குத் தலைமையாசிரியர். மலாயில் ‘குரு பெசார்’, அதாவது பெரிய ஆசிரியர். அங்கே கெப்பாலாவைக் காணோம்! ஆனால், கர்வம் பிடித்தவருக்கு மலாயில் ‘பெசார் கெப்பாலா’, தமிழில் தலைக்கனம். இங்கே தலை திரும்பி வந்துவிட்டது.

வீடு நோக்கிப் போவதற்கும் ஆங்கிலத்தில் ‘ஹெட்’ உண்டு. அதைப் பார்த்து ‘வீட்டுக்குத் தலைப்பட்டான்’ என்று எழுதலாமா? கூடாது. தலைப்படுதல் என்பது ஒரு செயலில் இறங்குவது. ‘எழுதத் தலைப்பட்டான்’ சரி. வீட்டுக்குப் ‘புறப்பட்டான்’ என்பதே தமிழ்.

இரண்டு கட்டம் போட்ட பட்டியல் கடைசி நேரத்தில் கைகொடுக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால், அது ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று பழக்கிவிடுகிறது. அந்தப் பழக்கம் கட்டுரையில் மதிப்பெண்ணைக் குறைக்கும்; அதைவிட, மாணவர் எழுதும் தமிழே தமிழாக இல்லாமல் போகும்.

ஆசிரியர்களே, சொல்லைத் தனியாகக் கொடுக்காதீங்க, வாக்கியத்தோடு கொடுங்க. மாணவர்களே, ‘இதற்குத் தமிழில் என்ன?’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘இந்த இடத்தில் நம்ம வீட்டில் எப்படிச் சொல்வோம்?’ என்றும் கேளுங்க.