ஒரு கூற்றின் வேரைத் தேடுதல்: கோத்தா கெலாங்கியும் மாணவர் ஆய்வேடுகளின் சான்றாதாரங்களும்

சோழர்க்கும் மலாயாத் தீபகற்பத்துக்கும் இடையிலான தொடர்பு, நம் மாணவர்கள் இடுபணிக்கும் ஆய்வேட்டுக்கும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் தலைப்புகளுள் ஒன்றாகும். அவ்வேடுகளில் ஒரு கூற்று அடிக்கடி தலைகாட்டுகின்றது. ஜொகூர்க் காட்டினுள் மறைந்து கிடக்கும் கோத்தா கெலாங்கி என்னும் பழைய நகரை இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டில் அழித்தான் என்பதே அது. அதன் கீழே ஐந்தாறு மேற்கோள் குறிப்புகள் இருக்கும். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் அனைத்தும் முறைப்படி அமைந்திருக்கும். மதிப்பெண் இடுபவர் மனநிறைவு கொள்வார். அவ்வைந்தாறு குறிப்புகளையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து சென்றால் அவை ஒரே இடத்தில் போய் முடிவதைக் காணலாம். ஒரு சான்று ஐந்து முறை எண்ணப்பட்டுள்ளது, அவ்வளவே.

அந்த ஓரிடம் அரச ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளை வெளியிடும் ஆய்விதழின் 77ஆம் தொகுதியாகும் (2004). அதில் ரைமி சே ரோஸ் எழுதிய கட்டுரை, பழைய நூற்சான்றுகளையும் வான்வழி நிழற்படங்களையும் கொண்டு அந்நகரம் இருந்திருக்கக்கூடிய பகுதியைச் சுட்ட முயல்கின்றது. நூற்றாண்டைக் கடந்த மரபுடைய ஆய்விதழ் அது, ஐயுறத் தக்கதன்று. எனினும் கட்டுரையின் துணைத் தலைப்பே தன்னை ஒரு தேடல்நிலைக் கட்டுரை என்று அறிவித்துக்கொள்கின்றது. அகழாய்வு எதுவும் நடைபெறவில்லை. கருதுகோளை முன்வைப்பதற்கு ஆய்விதழில் இடமுண்டு. அதனை முடிந்த முடிபாக எடுத்தாள்வது படிப்பவரின் பிழை.

2005 பிப்ரவரியில் ஆங்கில நாளிதழ் ஒன்று இச்செய்தியை முதற்பக்கச் செய்தியாக்கியது. போரோபுதூருக்கும் அங்கோர் வாட்டுக்கும் முற்பட்ட நகராக இருக்கக்கூடும் என்ற பேச்சு பரவிற்று. பின்னர் வந்த எழுத்துகளில் 'கூடும்' என்னும் சொல் உதிர்ந்தது. தமிழில் இது எழுதப்பட்டபோது சோழன் படையெடுப்பு முன்னிலை பெற்றது. மாணவர் கைக்கு வந்து சேர்ந்தது இந்தக் கடைசி வடிவமே.

கட்டுரை சுட்டிய பகுதி லிங்கியூ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு. அதற்கு அணுக்கமான நகரங்களுள் ஒன்று பண்டார் தெங்காரா. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தென்கிழக்கு ஜொகூர் வளர்ச்சி வாரியத்தின் திட்டத்தில் உருவானது. இத்தகைய ஊர்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தம் வரலாறு பால்மரத்தோடு தொடங்கியதாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. கூப்பிடு தூரத்துக் காட்டில் ஆயிரம் ஆண்டுப் பழமை உறங்குகின்றது என்றால் எந்த ஆசிரியருக்குத்தான் அதை வகுப்பில் சொல்ல மனம் வராது? இவ்விருப்பம் இழிவானதன்று. ஆனால் சான்றை எடைபோடும் வேளையில் தட்டில் விரலை வைப்பதும் இதுவேயாகும். நமக்கு உவப்பான கூற்றையே இருமடங்கு ஐயத்தோடு நோக்க வேண்டியுள்ளது.

இனி மூல ஆதாரங்களுக்கு வருவோம். இங்கு இரண்டு உள்ளன. ஒன்று செஜாரா மெலாயு. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற்கோட்டை ஒன்று இருந்ததாகவும், ராஜா சூரான் என்பவன் அதனை வென்றதாகவும் அது கூறும். அதன் ஒரு வடிவத்தின் முன்னுரை 1612ஆம் ஆண்டைச் சுட்டுகின்றது. அஃதாவது, இராஜேந்திரனுக்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு பிற்பட்டது. அதே ராஜா சூரான் கண்ணாடிப் பேழையில் அமர்ந்து கடலடிக்குச் சென்று அங்குள்ள அரசன் மகளை மணந்ததாகவும் அந்நூல் உரைக்கின்றது. கோட்டையை வரலாறாகக் கொண்டு பேழையைக் கதையாக ஒதுக்குவோர் அதற்கான அளவுகோலைக் காட்டவேண்டும். ராஜா சூரான் இராஜேந்திரனே என்பதும் பிற்காலத்தார் செய்த ஒப்பீடேயன்றி நூலின் கூற்றன்று.

மற்றொன்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. இராஜேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. நிகழ்ச்சிக்குச் சில ஆண்டுகளுக்குள் எழுந்த சான்று இது. புகழ்ச்சி நோக்கமுடையதேயாயினும், ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், கடாரம் எனப் பத்துக்கும் மேற்பட்ட ஊர்களைப் பெயர்சுட்டி அடுக்குகின்றது. கெலாங்கி அவ்வரிசையில் இல்லை. பெயர் திரிந்திருக்கலாம், சிற்றூராகக் கருதி விடப்பட்டிருக்கலாம் என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை மாணவர் தாமே எழுதிக் காட்டட்டும். 1025 என்னும் ஆண்டும் கல்வெட்டில் இல்லை. கடார வெற்றி 14ஆம் ஆட்சியாண்டு முதல் மெய்க்கீர்த்தியில் இடம்பெறுவதைக் கொண்டு அறிஞர் கணித்தது அது. மாணவர் ஏடுகளில் இவ்வாண்டு போர்க்களத்திலிருந்து நேரே வந்தது போல நிற்கின்றது!

கடாரம் கெடாவே என்பதும் எளிதில் கிட்டிய முடிபன்று. தொடக்ககாலக் கல்வெட்டறிஞருள் அதனைப் பர்மாவில் தேடியோரும் உண்டு. 1918இல் ஜார்ஜ் செதேஸ் ஸ்ரீவிசயப் பேரரசைச் சீனக் குறிப்புகளோடும் கல்வெட்டுகளோடும் ஒப்பிட்டு நிறுவிய பின்னரே இவ்வூர்ப்பெயர்கள் தெளிவுற்றன. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பைக் கையாளும் மாணவர் அதன் பாடத்தை நம்பலாம். ஊர்களை அடையாளங்காட்டும் அடிக்குறிப்பைப் பிந்தைய ஆய்வோடு சரிபார்க்க வேண்டும். ஒரே நூலின் ஒரு பகுதி வலுவாகவும் மறுபகுதி காலாவதியாகவும் இருக்கக்கூடும். முன்னர்க் குறித்த அதே ஆய்விதழில் 1940இல் குவாரிச் வேல்ஸ் வெளியிட்ட கெடா அகழாய்வு அறிக்கையும் இத்தகையதே. அவர் தந்த கட்டட அளவுகளும் வரைபடங்களும் இன்றும் பயன்படுகின்றன. 'பண்டைய இந்தியக் குடியேற்றம்' என்று அவர் தலைப்பிலேயே நாட்டிய விளக்கத்தை ஆய்வுலகம் ஏற்பதில்லை.

மறுதலைப் பிழையும் நிகழ்கின்றது. 2006 ஏப்ரலில் மரபுடைமைத் துறையைச் சார்ந்த தொல்லியல் அலுவலர், முந்தைய ஆண்டு ஜூலையில் ஒரு மாதம் நடந்த தேடலில் நகரின் தடயம் கிட்டவில்லை என அறிவித்தார். 'அப்படியொரு நகரமே இல்லை' என்று செய்தி பரவியது. பின்னர் அவரே, நகரம் இருந்ததைத் துறை அறவே மறுக்கவில்லை, இதுவரை சான்று கிட்டவில்லை என்பதே கருத்து எனத் தெளிவுபடுத்த நேர்ந்தது. முதற்செய்தியை மட்டும் எடுத்தாளும் மாணவர் எதிர்த்திசையில் அதே தவற்றைச் செய்கின்றார். பெயர் மயக்கம் வேறு உள்ளது. பகாங்கில் ஜெராண்டுட் அருகே கோத்தா கெலாங்கி என்ற பெயரிலேயே சுண்ணாம்புக் குகைகள் உள்ளன. அங்குக் கிடைத்த கற்கால எச்சங்கள் ஜொகூர் நகருக்குச் சான்றாகா.

நம் மதிப்பீட்டுப் படிவங்கள் குறைந்தது இத்தனை மேற்கோள்கள் என எண்ணிக்கை கேட்கின்றன. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கையே கிடைக்கும். அதற்கு மாற்றாக, ஏட்டின் மையக் கூற்று ஒன்றனை எடுத்து, அது முதன்முதலில் எங்கே, எவரால், எந்த ஆதாரத்தின்மேல் சொல்லப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதப் பணிப்பது நலம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. தமிழ் மாணவர்க்கு இதில் தனி வாய்ப்பொன்று உண்டு. செஜாரா மெலாயுவைப் பள்ளியில் கற்ற மலாய்மொழி கொண்டும், தஞ்சைக் கல்வெட்டைத் தாய்மொழி கொண்டும் நேரே அணுகத் தக்கவர் அவர். அக்கல்வெட்டின் முழுப்பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் தமிழெழுத்தில் அச்சாகியுள்ளது. ஆங்கில நாளிதழ்ச் செய்தியின் தமிழாக்கத்தை மேற்கோள் காட்டும் மாணவர், அத்தொகுதியைத் திறந்து அவ்வூர்ப் பெயர்களை ஆசிரியர் துணையோடு படித்து முடிக்க ஒரு பாடவேளை போதும்.