முதல் உதையும் முன் பிரேக்கும்

காரியாபட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை வாசலில் ஒரு 1994 ஆர்எக்ஸ் 100 நிற்கிறது. வண்டிக்காரத் தம்பி அதைவிட இளையவர். “ஒன்னேகால் லட்சத்துக்குக் கேட்டாங்க, குடுக்கலண்ணே. ஒரு நட்டுகூட மாத்தாத வண்டி” என்றார். 1996இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்குப் புது வண்டியைவிடக் கூடுதல் விலை. இதை மரபைக் காப்பது என்று மெச்சவும் ஆள் இருக்கிறது. எனக்கு இதில் நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு.

வண்டியின் பெருமையை மறுக்கவில்லை. 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. ஆக்சிலேட்டரைத் திருகியதும் வரும் அந்தத் தாவல் இன்றைய நூறு சிசி வண்டி எதிலும் இல்லை. தலையில் வால்வு கிடையாது, டைமிங் செயின் கிடையாது. வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து எஞ்சினைப் பிரித்துவிடலாம். புகை? பெட்ரோலோடு ஆயிலும் எரியும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியே போகும். மாசு விதிகள் அதற்குத் தீர்ப்பு எழுதியாயிற்று. சத்தத்தைப் பற்றிப் பேசப் பட்டாசு மாவட்டத்துக்காரனுக்கு வாயில்லை.

என் வழக்கு பிரேக்கைப் பற்றியது.

முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம். 1985இல் வண்டி வந்தபோது நம் சாலையில் அது போதும். முன்னால் ஓர் அம்பாசிடர், பின்னால் ஒரு பேருந்து, அறுபதைத் தொட்டாலே காற்று கண்ணைக் கரிக்கும். இன்று காரியாபட்டியை ஒட்டிப் போவது மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மீடியன் இடைவெளியில் ஆடு குறுக்கே வரும், டிவிஎஸ் 50இல் புல்லுக்கட்டு வரும். எண்பதில் போகிறவர் கை லீவரைத் தேடும் அந்த ஒரு நொடிக்குள்ளேயே வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். நாற்பதில் போனதைவிட நான்கு மடங்கு ஆற்றலை அந்தச் சின்ன டிரம் விழுங்கியாக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினே கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த உதவியும் சொற்பம். எல்லாப் பாரமும் பிரேக் கட்டை மேல்தான்.

வாங்குகிறவர்கள் பார்ப்பது எதை? முதல் உதையில் ஸ்டார்ட் ஆகிறதா, கிராங்க் கேஸ் எண் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, பிளக் என்ன நிறம், பழைய ஜப்பான் பாகம் எது மிச்சம். பிறகு ஒரு நேர்ச்சாலையில் முறுக்கிப் பார்ப்பார்கள். நிறுத்திப் பார்ப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வாங்கியபின் காசு போகும் வழியும் இதுவே: குரோம், பெயின்ட், சைலன்சர், மறுபடி எஞ்சின். கேபிள் இழுபட்டிருக்கும், கட்டை இறுகிக் கண்ணாடியாகியிருக்கும், டிரம் ஓவலாகியிருக்கும். அதையெல்லாம் யாரும் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதில்லையே. முப்பது வருடம் பெட்டியில் கிடந்த கம்பெனி பிரேக் கட்டையைக் கூடுதல் விலைக்கு வாங்கி மாட்டுகிறவரும் உண்டு. பழைய பசை விட்டுவிடுமே என்றால், “ஜெனியூன்” என்கிறார்.

டிஸ்க் மாட்டியவனைக் கண்டால் இவர்களுக்கு இளக்காரம், வண்டியைக் கெடுத்துவிட்டானாம். தயாரித்த அமைப்பை மாற்றச் சட்டம் இடம் கொடுக்காது என்பதும் ஒரு வாதம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதைச் சொல்கிற வாய்க்குக் கீழேயே சைலன்சரின் உள்குழாய் உருவப்பட்டிருக்கிறது. அந்தத் தம்பியும் எஞ்சினை இரண்டு முறை போர் போட்டதாகப் பெருமையாகவே சொன்னார். மாற்றாத நட்டு எங்கே இருக்கிறது? வேகம் கூட்ட எதையும் மாற்றலாம். வேகம் குறைக்க மட்டும் ‘ஒரிஜினல்’ குறுக்கே வந்துவிடுகிறது. 2019 ஏப்ரலிலிருந்து கல்லூரிப் பெண் வாங்கும் ஸ்கூட்டரில்கூட ஒரு லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம். ரசிகமணிகளுக்கு அது வேண்டாம். டிஸ்க்கூட வேண்டாம், டிரம்மை லேத்தில் கொடுத்துச் சமன் செய்து நல்ல கட்டை மாட்டினாலே பாதிக் குறை தீரும். அதற்கு ஒரு பகல் ஒதுக்காதவரை வண்டிப் பிரியர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

டீ ஆறுவதற்குள் எழுந்துபோய் அந்த வண்டியின் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். லீவர் எந்தத் தடையும் இல்லாமல் வந்து கைப்பிடியில் முட்டியது. தம்பியைப் பார்த்தேன்.

“ஆர்எக்ஸ்ல அப்படித்தாண்ணே இருக்கும்” என்றார்.